முன்பல்லும் மூன்றாவது படியும்

என் மகளின் முன்பல்லைக் கொன்றது நான்தான். ஒரே அடி. அப்போது அவளுக்கு எட்டு வயது. பல் விழவில்லை, உடையவில்லை, பெரிதாக ஆடக்கூட இல்லை. ரத்தம் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். செத்த பல் பதினோரு வருஷம் வாயில் மற்ற பற்களோடு சேர்ந்து நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். என் அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து திரும்பி வந்து அங்கேதான் வேலைக்குப் பேர் பதிந்தார்கள். வரிசை வீடுகளை அவர்கள் லயம் என்றார்கள், நாங்களும் லயம் என்றே சொல்கிறோம். ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏற ஒன்பது கல்படிகள். வருஷத்தில் பாதி மழை. அந்தப் படிகளில் வழுக்கி விழாத பொம்பளை கிடையாது. அதனால் யாருக்கு முகம் வீங்கியிருந்தாலும் சரி, கையில் கட்டுப் போட்டிருந்தாலும் சரி, "படியில வழுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வராது. புருஷன் அடித்தாலும் படி, கொழுந்தன் தள்ளினாலும் படி. கேட்கிறவளுக்கும் தெரியும், சொல்கிறவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம்.

என்னை யாரும் அடித்ததில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார், மாதம் ஒரு தடவை வருவார், குரல் உயர்த்தத் தெரியாத மனுஷன். என் அப்பா என்மேல் கை வைத்ததே இல்லை. யாரோ எனக்குக் கொடுத்ததை நான் மகளுக்குக் கொடுத்தேன் என்று கதை கட்ட முடியாது. கோபம் என் சொந்தச் சொத்து. வந்தால் கண்மண் தெரியாது. தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரி தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன், கடித்த நாயைத் துரத்திப் போய்க் கல்லால் அடித்திருக்கிறேன். லயத்தில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் என் கைக்குப் பயப்படுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, சனியன்.

அன்றைக்குத் தேயிலைக் காட்டில் சூப்பர்வைசர் என் கூடையைக் கவிழ்த்துவிட்டான். முத்தின இலை கலந்திருக்கிறதாம். நாற்பது பேர் பார்க்க, இலையைக் காலால் கிளறி, "கண்ணு எங்க வச்சிருக்க? எருமை மேஞ்ச மாதிரி மேஞ்சு வச்சிருக்க" என்றான். திருப்பிப் பேசினால் வேலை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினேன். அதனால் நிறுவைக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. எனக்கு முன்னால் லயத்துக்குப் போன பெண்கள் குழாயடியில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள்.

நான் படி ஏறி வந்தபோது வாசலில் விளையாட்டு. நாலைந்து பிள்ளைகள் கொழுந்து எடுக்கிற மாதிரி குனிந்து நிற்க, என் மகள் இடுப்பில் கை வைத்துச் சூப்பர்வைசராக நின்றாள். ஒரு சட்டியைக் காலால் கவிழ்த்தாள். "எருமை மேஞ்ச மாதிரி மேஞ்சு வச்சிருக்க" என்றாள், அவன் குரலிலேயே. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. வாயைத் திறந்து சிரித்தாள்.

என் கையில் மட்டக்கம்பு இருந்தது. தேயிலைச் செடியின் தலைமேல் படுக்க வைத்து, கொழுந்து மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற நீளமான கம்பு. அதாலேயே வீசி அடித்தேன். கன்னத்தில் அடிக்க நினைத்தேனா, வாயில் அடிக்க நினைத்தேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வாய் மூடியிருந்தால் உதடு அடியை வாங்கியிருக்கும். சிரித்துக்கொண்டிருந்ததால் பல் வாங்கியது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்து பாவாடையில் சொட்டியது. மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் எல்லா அம்மாக்களும் செய்வதுதான். கழுவினேன், காப்பித்தூள் அப்பினேன், மடியில் போட்டு நான்தான் அழுதேன். விடிந்ததும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டால் படியில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். அந்த மாதக் கடைசியில் அவள் அப்பா வந்தார். மேலுதட்டில் காயம் பொருக்குத் தட்டியிருந்தது. "எந்தப் படிடா கண்ணு?" என்றார். "மூணாவது" என்றாள் யோசிக்காமல். பிள்ளை எவ்வளவு சமர்த்தாகப் பொய் சொல்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மனுஷன் அன்றைக்கே போய் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கி வந்து, மழையில் நனைந்துகொண்டு மூன்றாவது படியைக் கொத்தினார். கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். உளி கல்லில் இறங்குகிற ஒவ்வொரு அடியும் வீட்டுக்குள் கேட்டது. நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன்.

பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதானே நினைத்தேன். ஒரு மாதம் கூச்சம் இருந்தது, பிறகு போய்விட்டது. பன்னிரண்டு வயதில் அந்தப் பல் லேசாக மங்கியது. பதினைந்தில் சாம்பல் நிறம். அவள் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போக ஆரம்பித்தது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். "ஏன் திருடி மாதிரி வாயப் பொத்துற" என்று கத்துவேன். இன்னொன்றுக்கும் கத்துவேன். படி ஏறும்போது ஒழுங்காக ஏற மாட்டாள், இடையில் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பாள். "குரங்கு மாதிரி குதிக்காத, விழுந்து தொலையப் போற" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வரும், உடையும், மறையும். வலி இல்லையே என்று விட்டுவிட்டோம். வலி இல்லை என்பதுதான் ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது.

பல் என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. என் கடைவாய்ப் பல்லுக்குச் சூடாக டீ பட்டால் அரை மணி நேரம் வலி நிற்காது. பிறகு டீ படாமலே வலித்தது. கடைசியில் பச்சைத் தண்ணீரை வாயில் வைத்திருந்தால்தான் கொஞ்சம் அடங்கும், போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் காட்டுக்குப் போவேன். ஒருநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார், ரெண்டு பொம்பளைகள் தோளை அழுத்தினார்கள். குறடு மேலே வந்தபோது பாதிப் பல்தான் வந்தது. மீதியை நோண்டி நோண்டி எடுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். பல் போனதும் வலி போனது, எனக்கு அது போதும்.

அவளுக்குப் பத்தொன்பது வயது, கூடலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆடி மழையில் ஒரு காலை எழுந்தபோது மேலுதடு மூக்கோடு சேர்ந்து வீங்கியிருந்தது. உப்பு ஒத்தடம் கொடுத்தேன், சாயங்காலத்துக்குள் வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறிவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் கூடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பல் டாக்டர் ஒரு மலையாளத்துப் பெண். ஈறைக் கீறிச் சீழை எடுத்தார். மருந்து மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் வரச் சொன்னார். அந்தச் சீழின் நாற்றம் செத்த எலி நாற்றம். என் பிள்ளை வாயில் இதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறாள்.

ஐந்தாறு நாள் கழித்துப் போனபோது நான் முடிவோடு போனேன். அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா, புடுங்கிருங்க. புடுங்கிட்டு வேற பல்லு கட்டிவிட்டுருங்க."

"ம்மா, நான் புடுங்க மாட்டேன்" என்றாள் மகள்.

"நீ வாய மூடு."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எதுக்குப் புடுங்கணும்?"

எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. "வேர் அழுகுன செடிய நாங்க காட்டுல விட்டு வைக்க மாட்டோம். விட்டா பக்கத்துச் செடிக்கும் ஏறும். ஒரு செடி செத்தா வேரோட தோண்டி எடுத்து எரிச்சுருவோம், குழிய ஆற விடுவோம். இதுகூடத் தெரியாமலா நாங்க இருபது வருஷமா காட்டுல நிக்கிறோம்?"

நான் பேசியது அழுகலைப் பற்றித்தான். ஆனால் உள்ளே வேறொன்றும் இருந்தது. அந்தச் சாம்பல் பல் தினமும் என் கண்முன் நின்றது. அது போனால் போதும் என்று இருந்தது எனக்கு. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

டாக்டர் கோபப்படவில்லை. "அம்மா, செடி வேற, பல்லு வேற. இவளோட வேரு அழுகல. வேருக்குள்ள நடுவுல ஒரு குழாய் மாதிரி இருக்கும், அதுல நரம்பும் ரத்தமும் ஓடும். அதுதான் செத்துக் கிடக்கு. செத்தது உள்ளயே கிடந்து அழுகி, நுனி வழியா எலும்புல சீழ் வெக்குது. அந்தக் குழாயத் துடைச்சு எடுத்து மருந்து வச்சு அடைச்சுட்டா, வேரு அப்படியே நிக்கும். சொந்தப் பல்லு மாதிரி வேற பல்லு இல்ல."

என் கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கேட்டேன். சூட்டுக்கு வலித்து, வலி நிற்காமல், பச்சைத் தண்ணீருக்கு மட்டும் அடங்கியது என்று சொன்னேன். "அப்பவே வந்திருந்தா அதுக்கும் இதுதான் வைத்தியம். உள்ள நரம்பு சாகிற வலி அது. லேசாக் கூசி உடனே நின்னுட்டா சும்மா அடைச்சா போதும். வலி தங்குனா, தானா வலிச்சா, ஈறுல கொப்புளம் வந்தா, பல்லு நிறம் மாறுனா வேர் வரைக்கும் போகணும்" என்றார். கம்பவுண்டரின் முழங்கால் எனக்கு நினைவு வந்தது. அந்த ஆளை நான் இன்னும் பலமாகக் கடித்திருக்க வேண்டும்.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார். படத்தைத் திரையில் காட்டினார். மறுபக்கத்து முன்பல்லின் வேர் நீளமாகக் கூர்மையாக முடிந்திருந்தது. இந்தப் பல்லின் வேர் குட்டையாக, சுவர் மெலிந்து, அடியில் வாய் திறந்து கிடந்தது. அதற்கும் கீழே கறுப்பாக ஒரு வட்டம்.

"சின்னப் பிள்ளைக்கு முன்பல்லு முளைச்ச பிறகும் வேரு ரெண்டு மூணு வருஷம் வளரும்" என்றார் டாக்டர். "இது பாதியில நின்னுருக்கு. என்னைக்கு உள்ள இருந்த நரம்பு செத்துச்சோ அன்னைக்கே வேரு வளர்றதும் நின்னுரும். இவளுக்கு ஏழு எட்டு வயசுல பலமா ஒரு அடி பட்டிருக்கு. எப்படிம்மா பட்டுச்சு?"

படம் பிடித்து வைத்த மாதிரி அந்த நாள் அங்கே திரையில் இருந்தது. பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் அவள் அப்பாவிடமும் மறைத்த ஒன்றை, ஒரு சின்னப் படம் வயதோடு சொல்லிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசினாள். "படியில வழுக்கிட்டேன் டாக்டர். லயத்துப் படி. மழை பெஞ்சிருந்துச்சு. மூணாவது படி."

ஒரு தடுமாற்றம் இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு சொல் மாறவில்லை. இந்தப் பொய்யைச் சொல்லி இப்போது அவளுக்கு ஒரு லாபமும் கிடையாது. எனக்காகத்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். அந்த நிமிஷம் எனக்கு என்மேல் வந்த கோபம் மாதிரி எந்தக் கோபமும் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"படி இல்ல" என்றேன். "நான் அடிச்சேன். மட்டக்கம்பால அடிச்சேன். இவ சிரிச்சுட்டு இருந்தா."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர், "கம்பா? எவ்ளோ தடிமன்?" என்றார். பெருவிரலைக் காட்டினேன். "குறுக்க வீசுனீங்களா?" தலையாட்டினேன். "அப்ப பக்கத்துப் பல்லும் வாங்கியிருக்கும். படியில விழுந்தான்னு சொன்னதால நான் ஒண்ணோட விட்டிருப்பேன்" என்று சொல்லி, பஞ்சில் ஜில்லென்று ஒரு மருந்தைத் தொட்டுப் பக்கத்துச் சின்னப் பல்லில் வைத்தார். மகளுக்குக் கூசவில்லை. இன்னொரு தடவை வைத்தார். இல்லை. மறுபக்கத்து முன்பல்லில் வைத்ததும் அவள் துள்ளினாள். அது உயிரோடு இருந்தது. எக்ஸ்ரேயைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஆமா, இங்கயும் நுனியில லேசா ஆரம்பிச்சிருக்கு. இது வேரு வளந்த பிறகு மெதுவாச் செத்திருக்கு" என்றார். ஒரே வீச்சில் ரெண்டு பல்லைக் கொன்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் பிடுங்கச் சொல்லவில்லை. ரெண்டு பல்லின் பின்பக்கமும் ஓட்டை போட்டு, ஊசி மாதிரி மெல்லிய கம்பிகளை உள்ளே விட்டு ராவி ராவி எடுத்தார். கறுப்பாக ஏதோ வந்தது, மறுபடி அந்த எலி நாற்றம். கம்பி உள்ளே இறங்குகிறபோதெல்லாம் மகளின் கால் விரல்கள் மடங்கின. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்கு என்ன வலித்தாலும் இல்லை என்றுதான் சொல்வாள், அதை நான்தான் பழக்கியிருக்கிறேன். உள்ளே மருந்து வைத்து, நாலு வாரம் கழித்து வரச் சொன்னார். பெரிய பல்லின் அடி திறந்திருப்பதால் முதலில் அந்த வாயை சிமெண்ட் மாதிரி ஒன்றால் மூடி, பிறகுதான் மேலே அடைக்க வேண்டுமாம். சுவர் மெலிசு, எட்டு வயசுப் பிள்ளையின் பல், அதனால் கடலை உருண்டை, கரும்பு எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது, பார்த்துக்கொண்டால் நிற்கும் என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், பக்கத்தில் நான். பஸ் பாதி வழி வந்திருந்தது. நான் சொல்லிவிட்டதால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்திருக்கும் என்று முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா சொன்ன?" என்றாள்.

"உண்மையத்தான சொன்னேன்."

"அதான் ஏன் இப்ப சொன்ன. அப்பா கேட்டப்ப சொல்லல. அவர் நாள் பூரா மழையில உக்காந்து கல்லக் கொத்துனாரு, அப்ப சொல்லல. யாரோ ஒரு டாக்டர்கிட்ட சொல்லிட்ட."

அவரிடம் இனி சொல்ல முடியாது. இரண்டு வருஷம் முன்னால் திருப்பூரிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அவளுக்கும் அது தெரியும், தெரிந்துதான் கேட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீயும்தான் சின்னதுலயே என்னமா பொய் சொன்ன. மூணாவது படின்னு நம்பர் போட்டுல்ல சொன்ன" என்றேன். சிரித்த மாதிரிதான் சொன்னேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"நான் சொல்லலம்மா. நீதான் சொன்ன. அடிச்ச மறுநாள் காலையில பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சுப் படிக்குக் கூட்டிட்டுப் போன. எண்ணச் சொன்ன. ஒண்ணு, ரெண்டு, மூணு. இதுல உக்காருன்னு உக்கார வச்ச. எப்படி விழுந்தன்னு செஞ்சு காட்டச் சொன்ன. நான் தப்பாச் செஞ்சேன்னு மறுபடி செய்யச் சொன்ன. வாய்ல ரத்தம் வந்துச்சு."

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. கூடை கவிழ்ந்தது நினைவிருக்கிறது, சூப்பர்வைசர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது, பல்லில் கம்பு பட்ட சத்தம் நினைவிருக்கிறது. இது இல்லை. அடித்தது கோபத்தில். இதை நான் கோபம் இல்லாமல் செய்திருக்கிறேன், நிதானமாக, எண்ணிக்கொண்டு. அவள் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

லயத்து நிறுத்தத்தில் இறங்கினோம். தூறிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் ஏறினாள். முதல் படி, இரண்டாவது படி. பிறகு பாவாடைக் காலத்திலிருந்து செய்கிற மாதிரியே, பையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, உளி கொத்திய கல்மேல் கால் படாமல் நாலாவது படிக்குத் தாண்டினாள். திரும்பிப் பார்க்காமல் மேலே போய்விட்டாள்.

பதினோரு வருஷமாக நான் குரங்கு என்று திட்டிய குதி அதுதான். எப்போதும் ஒரே படி. ஒரு நாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.